தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம் குடம்

நாச்சிமுத்து காம்பவுண்டில் தண்ணீர் வந்த கதையை அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதியைக் கூட்டிச் சொல்வார்கள், மீதியைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்வார்கள், ஆனால் அத்தனை பேரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்று உண்டு: ஒச்சம்மாள் அதைத் தண்ணீருக்காகச் செய்யவில்லை, தன் தம்பிக்காகத்தான் செய்தாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் கிடக்கிற சந்துகளில் ஒன்றில், ஒரே மாதிரி பச்சைக் கதவு வைத்த பதினோரு வீடுகள் எதிரும் புதிருமாக நிற்க, நடுவில் சிமெண்டு வாசலும் வாசலின் நடுவில் ஒற்றைக் குழாயுமாக இருந்தது அந்தக் காம்பவுண்டு. குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். வருகிற அன்று பதினோரு வீட்டுக் குடங்களும் கலர்கலராக வரிசை கட்டி நிற்கும். வராத ஏழு நாளும் அதே குடங்கள் கவிழ்ந்து கிடக்கும். ஒச்சம்மாள் மூன்றாம் நம்பர் வீடு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை, அதாவது தைத்து வருகிற பனியனை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைக்கிற வேலை. அவள் கண்ணுக்குத் தப்பின ஓட்டை என்று இதுவரை ஒன்றும் கிடையாது. புருஷன் ஜெயவீரன் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகள் தர்ஷிகா ஒன்றாம் வகுப்பு.

கூடப்பிறந்தவன் என்று அவளுக்கு ஒரே ஒருவன், தவசி, மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அக்காவும் தம்பியும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. தர்ஷிகாவுக்குக் காதுகுத்து வைத்தபோது, பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் அவன் அங்கே பல மாதம் முன்பே லீவுக்குச் சொல்லி, மருமகளுக்குத் தோடும் பட்டுப்பாவாடையும் எடுத்துப் பெட்டி கட்டி வைத்திருந்தான். கடைசி நேரத்தில் லீவு பத்து நாள் தள்ளிப்போக, பத்திரிகை அடித்தாயிற்று, கிடா பிடித்துக் கட்டியாயிற்று, இனி தேதியை மாற்ற முடியாது என்று ஜெயவீரன் வீட்டார் ஒற்றைக்காலில் நிற்க, ஜெயவீரனுடைய அண்ணன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். யாரோ அனுப்பிய போட்டோவில் தவசி அதைப் பார்த்தான். "நான் உசுரோடதான இருக்கேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனை வைத்தவன்தான். அதற்குப் பிறகு ஒச்சம்மாள் போட்ட போனை அவன் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளுக்கும் ரோஷம் வந்து, போடுவதை விட்டுவிட்டாள்.

ஆனால் பச்சைக்காடு என்று ஒரு விளையாட்டு இருந்தது. போனில் ஆளுக்கு ஒரு தோட்டம் வைத்துச் செடி வளர்க்கிற விளையாட்டு. உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் விளையாடுகிறார்கள் என்று சொல்வார்கள், ஒச்சம்மாளுக்கு அதில் இரண்டு தோட்டம்தான் கண்ணுக்குத் தெரியும்: மேட்டில் அவளுடையது, அதை ஒட்டிப் பள்ளத்தில் தவசியுடையது. அவன் முதல் தடவை விமானம் ஏறின வாரத்தில் அக்காவும் தம்பியும் சிரித்துச் சிரித்துச் சேர்ந்து போட்ட தோட்டங்கள் அவை. பேச்சு நின்ற பிறகும் தவசி இதை மட்டும் நிறுத்தவில்லை. தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு, தலையில் ஓலைத்தொப்பி வைத்த ஒரு குட்டி உருவம் கேட்டைத் திறந்துகொண்டு ஒச்சம்மாளின் தோட்டத்துக்குள் வரும். மூலையில் ஒரு மரம் நின்றது. விளையாட்டில் அதற்கு வாயில் நுழையாத ஏதோ பெயர், காய் சுருண்டு சிவந்து தொங்கியதால் ஒச்சம்மாள் அதைக் கொடுக்காப்புளி என்றே வைத்துக்கொண்டாள். அந்த உருவம் அவள் கிணற்றில் ஒரு குடம் மொண்டு அந்த மரத்துக்கு ஊற்றும், ஒரு வார்த்தை எழுதாது, திரும்பிப் போய்விடும். அவ்வளவுதான். அந்த அரை நிமிஷத்துக்காக அவள் ஷிப்ட் முடிந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவாள். காம்பவுண்டு முழுக்க இது தெரியும். எதிர்வீட்டுச் சரசாள் விளக்குப் பொருத்தும்போது, "ஏம்மிணி, தம்பி வந்துட்டுப் போயிருச்சா?" என்று சீரியல் கதை கேட்கிற மாதிரி கேட்பாள்.

அந்த வருஷம் விளையாட்டுக்காரர்கள் பச்சைக்காட்டில் கோடை விட்டார்கள். கிணறுகள் வற்றின. ஒச்சம்மாளின் கிணற்றுக்கு மேலே இருந்த எண் ஒவ்வொன்றாகக் குறைந்து சைபருக்கு வந்து நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் ஓலைத்தொப்பி வந்தது, கிணற்றுக்குப் போனது, எட்டிப் பார்த்தது, காலிக் குடத்தோடு மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனது. மரத்தில் பாதி இலை பழுத்துவிட்டது. இன்னும் இரண்டு நாளில் மரம் காய்ந்துவிடும், காய்ந்தால் பக்கத்துத் தோட்டக்காரர் உள்ளே வருகிற கேட் தானாகப் பூட்டிக்கொள்ளும், அதுதான் விளையாட்டின் சட்டம். தம்பிக்கும் தனக்கும் நடுவில் இருக்கிற ஒரே கதவு அது என்று ஒச்சம்மாளுக்குத் தெரியும். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஒன்பதாம் நம்பர் வீட்டுக் கிட்டுச்சாமியிடம் போய் நின்றாள். கிட்டுச்சாமி, பனியனில் பூவும் புலியும் போடுகிற எம்பிராய்டரி மெஷினுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். ஒரு எண்ணை மாற்றினால் புலிக்கு வால் நீளும், இன்னொன்றை மாற்றினால் பூவுக்கு இதழ் கூடும் என்று ஃபைலைத் திறந்து எண்ணோடு மல்லுக்கட்டுவதே அவர் பிழைப்பு. பச்சைக்காட்டின் ஃபைலையும் அதே மாதிரி திறக்க முடியும் என்று என்றைக்கோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

"தெறக்கலாம் அம்மிணி, ஆனா வேண்டாம்னுதான் சொல்லுவேன்" என்றார் இப்போது. "இது நம்ம போனுக்குள்ள மட்டும் இருக்கற வெளையாட்டு இல்ல. அவங்ககிட்டயும் ஒரு கணக்கு ஓடிக்கிட்டிருக்கும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா தோட்டத்தையே தூக்கிருவாங்க. அப்புறம் அழுதாலும் வராது."

"மரம் காஞ்சாலும் எனக்குத் தோட்டம் போன மாதிரிதாண்ணே" என்றாள் ஒச்சம்மாள். அவள் குரல் உடைந்ததும் கிட்டுச்சாமி சட்டென்று லேப்டாப்பை எடுத்துவிட்டார்.

முதலில் இருக்கிறபடியே ஒரு நகல் எடுத்துவைக்க வேண்டும் என்றார். ஒச்சம்மாள் போனில் இடமில்லை, அவர் லேப்டாப்பிலும் புலிகளாக நிரம்பிக் கிடந்தது. எட்டிப்பார்க்க வந்த சரசாளின் போனில் நகலைப் போட்டார்கள். பிறகு ஃபைலைத் திறந்து, தண்ணீர் என்று அவர் கண்டுபிடித்த இடத்தில், சைபரை அழித்து நாற்பது என்று அடித்தார்.

அங்கேதான் அந்தக் காம்பவுண்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யாத ஒரு தப்பு நடந்தது. பனியன் கம்பெனியில் ஆயிரம் பீஸ் ஆர்டர் என்றால் யாரும் ஆயிரம் வெட்ட மாட்டார்கள். சேதாரத்துக்கு என்று கொஞ்சம் கூட்டித்தான் வெட்டுவார்கள். கட்டிங்கில் கூட்டினதற்கு மேல் தையலில் கூட்டுவார்கள், தையலில் கூட்டினதற்கு மேல் பேக்கிங்கில் கூட்டுவார்கள். அது அவர்கள் ரத்தத்தில் ஊறின பழக்கம். "நாப்பதுன்னா நாப்பதேவா? சேதாரத்துக்கு அஞ்சு சேருங்க" என்றான் ஜெயவீரன். "கோடை இன்னும் எத்தனை நாளைக்கோ, நூறாப் போடுங்" என்றாள் சரசாள். ஞாயிற்றுக்கிழமையாதலால் பதினோரு வீடும் அங்கேதான் கூடியிருந்தது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் பின்னால் இருந்து எட்டிப்பார்த்துச் சேதாரத்துக்கு ஒரு பங்கு கூட்ட, நூறு இருநூறாகி, இருநூறு ஆயிரமாகி, ஒவ்வொரு தடவையும் அழித்து அழித்து அடித்துச் சலித்துப்போன கிட்டுச்சாமி, "எல்லாருக்கும் போதுமா பாருங்" என்று ஒன்பது என்ற பொத்தானில் விரலை வைத்து, திரையில் கட்டம் நிறைகிறவரை எடுக்கவே இல்லை. ஐந்து ஒன்பதுகள் விழுந்தன. ஃபைலை மூடினார். தோட்டத்துக் கிணறு விளிம்பு வரை நிறைந்தது. எல்லோரும் கைதட்டிவிட்டுக் கறிக்குழம்பைப் பார்க்கப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வாசல் குழாயில் தண்ணீர் வந்தது. முறை வருவதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது, ஆனாலும் வந்தது. வழக்கமான நூல் தண்ணீராக வராமல், குழாய் வாய் கொள்ளாமல் திபுதிபுவென்று வந்தது. ஆறு மணிக்கு நிற்கவில்லை, எட்டு மணிக்கு நிற்கவில்லை, எல்லோரும் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்தபோதும் திறந்ததும் கொட்டியது. தண்ணீர் வந்துவிட்டால் ஏன் வந்தது என்று நின்று யோசிக்கிற பழக்கம் அந்தக் காம்பவுண்டில் யாருக்கும் கிடையாது, குடத்தை வைப்பதுதான் பழக்கம், ஆகவே வைத்தார்கள். வால்வு திறந்துவிடுகிற வேலாயுதம் தன் நீளச் சாவியோடு வந்து வால்வை இறுக்கி மூடினார், தண்ணீர் வந்தது. திறந்தார், வந்தது. மறுபடியும் மூடிவிட்டு, "என் வேலை மூடறதுங்க, மூடிட்டேன்" என்று சரசாள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்கு வந்து, ஓடுகிற தண்ணீரை முறைப்படி ஒரு தடவை மூடி, டீ குடித்துவிட்டுப் போவது அவருக்கு வழக்கமானது.

கல்யாணத்துக்கு வாங்கி வருஷக்கணக்கில் துவைக்காமல் கிடந்த கம்பளிகள் வெளியே வந்தன. பதினோரு வீட்டுக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, ஆகாயம் தெரியாத அளவுக்குத் துணி காயப்போட்டார்கள். எட்டு நாளைக்கு ஒரு தடவை தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் தினமும் ஊற்றி, கம்பெனியில் ஈரத்தலையோடு மெஷினில் உட்கார, "உங்க காம்பவுண்டுல என்ன தெனமும் தீபாவளியா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். பக்கத்துச் சந்தில் ஒரு ரூமுக்குப் பத்துப் பேராகத் தங்கியிருந்த ஒடிசாப் பையன்கள் துண்டோடு வந்து தயங்கி நின்றார்கள். சரசாள் "வாங் வாங், குளிச்சுப்போட்டுப் போங்" என்றதும் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார்கள், அவர்கள் பாஷை புரியாவிட்டாலும் அது சந்தோஷப் பாட்டு என்று எல்லோருக்கும் புரிந்தது. எங்கிருந்தோ நான்கு வாத்துகள் வந்து வாசலில் குடியேறின. வீட்டுக்காரர் நாச்சிமுத்து வந்து, தன் காம்பவுண்டு தண்ணீர் என்று பெருமையோடு இரண்டு தடவை முகம் கழுவினார்.

இத்தனை கொண்டாட்டத்துக்கும் நடுவில் ஒச்சம்மாள் மட்டும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிணறு நிறைந்தது, மரம் துளிர்த்தது, ஆனால் திங்கட்கிழமை ஆறரைக்கு ஓலைத்தொப்பி வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. தான் குறுக்கு வழியில் தண்ணீர் சேர்த்ததை அவன் கண்டுபிடித்துவிட்டான், ஏற்கெனவே முறையைத் தாண்டினவள் இங்கேயும் தாண்டிவிட்டாள் என்று ஒரேயடியாக வெறுத்துவிட்டான் என்றே அவளுக்குத் தோன்றியது. அழுகையை அடக்கிக்கொண்டு புடவையைத் துவைத்தாள்.

புதன்கிழமை விளையாட்டுக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. போன் திரையில் சிவப்புக் கட்டத்துக்குள் இப்படி எழுதியிருந்தது: "உங்கள் தோட்டத்தில் முறைக்கு மாறான நீர் இருப்பு காணப்படுகிறது. கோடை முடியும் ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் இந்த நீர் முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். தவறினால் தோட்டம் நிரந்தரமாக நீக்கப்படும்."

கிட்டுச்சாமி மறுபடியும் ஃபைலைத் திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை, பூட்டிவிட்டார்கள். "சரி, நகல் இருக்குதுல்ல, அதை எடுத்து வெச்சுப் பாக்கலாங்" என்று சரசாளைத் திரும்பிப் பார்த்தார். சரசாளின் முகம் போன போக்கைப் பார்த்ததுமே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"பேரு தெரியாதது என்னமோ கெடந்துது... அக்கா பேத்தி சடங்கு வீடியோ வேற நிக்க மாட்டேன்னுது... அழிச்சுப்போட்டனே அம்மிணி!" என்று சரசாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒச்சம்மாள் அவளைத் திட்டவில்லை. "விடுங்கக்கா. அவன்தான் வர்றதையே விட்டுட்டானே, தோட்டம் இருந்தா என்ன, போனா என்ன" என்று சொல்ல ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சரசாளுக்கு அது தாங்கவில்லை. அழிச்சது நான், பரிகாரமும் நானே செய்கிறேன் என்பதுபோல எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துப் போனைக் கையில் வைத்திருந்த கிட்டுச்சாமி, "இருங் இருங்" என்று கத்தினார். "இன்னொரு குடம் புடிங்." பிடித்தாள். கிணற்று எண்ணில் ஒன்று குறைந்தது. இன்னொன்று பிடித்தாள். இன்னொன்று குறைந்தது.

அதற்கப்புறம் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்று. இங்கே தீர்ந்தால் அங்கே தீரும். தீர்ந்தால் தோட்டம் பிழைக்கும். எண் அப்போது தொண்ணூற்றேழாயிரத்துச் சொச்சத்தில் நின்றது.

"அத்தனையும் தீத்துட்டா நம்ம கொழாய் மறுபடியும் பழையபடி ஆயிருமே" என்று ஒரு குரல் கேட்டது. கம்பளிகள் காற்றில் ஆடின, வாத்துகள் கத்தின.

"எட்டு நாளைக்கொருக்காத் தண்ணி வந்தப்ப நாம செத்தா போயிட்டோம்?" என்றாள் சரசாள். "அது தண்ணி. இது கூடப்பொறந்தவன். கொடத்தை எடுங் எல்லாரும்!"

அந்த நான்கு நாள் அந்தப் பக்கத்துக்காரர்கள் தண்ணீரைச் செலவழித்த மாதிரி உலகத்தில் யாரும் செலவழித்திருக்க மாட்டார்கள். தண்ணீர் லாரிகள் வந்து நின்று நிறைத்துக்கொண்டு, தண்ணீர் போகாத தெருக்களாகப் பார்த்துப் போயின. கோயில்காரர்கள் நூற்றெட்டுக் குடம் கேட்டு வந்து ஆயிரத்தெட்டோடு போனார்கள். பள்ளிவாசல் தொட்டி நிறைந்தது. சர்ச்சில் திருவிழாவுக்குக் கழுவாத இடம் என்று கூரை மட்டும் பாக்கியிருக்க, அதையும் கழுவினார்கள். ரோட்டோர மரங்களுக்கெல்லாம் வயிறு முட்ட ஊற்றினார்கள். கல்யாணப் பெண் ஒருத்தியை மூன்று தெரு தாண்டி அழைத்துவந்து நலங்கு வைத்துக் குளிப்பாட்டினார்கள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் குப்பை மூடிக் கிடந்த குட்டையை ஒடிசாப் பையன்கள் ஒரு பகலில் சுத்தம் செய்ய, குழாயிலிருந்து ரப்பர் ட்யூப் போட்டு நிறைத்தார்கள். சனிக்கிழமை மதியம் அங்கே அல்லி இலை மிதந்தது. வாத்துகள் அங்கே குடிமாறின. வேலாயுதம் தன் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, லாரிகளுக்கு வரிசை ஒழுங்குபடுத்தினார்.

ஒரு விஷயம் மட்டும் கிட்டுச்சாமிக்குப் பிடிபடவில்லை. குழாயை மூடி வைத்திருக்கும்போதும் எண் குறைந்தது. டீ குடிக்கிற நேரத்தில் நாற்பது ஐம்பது காணாமல் போனது. "எங்கியோ ஓட்டை இருக்குது" என்றார். ஓட்டை என்றதும் ஒச்சம்மாள் எழுந்தாள். குழாயை அடி முதல் நுனி வரை, ஜாயிண்டு ஜாயிண்டாக, பனியனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். தரையில் காது வைத்துக் கேட்டாள். தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டை எங்கே என்று தெரியாமல் எழுந்து நின்றாள். நல்லதுதானே, சீக்கிரம் தீரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இருநூறு குடம் பாக்கியிருந்தது. காம்பவுண்டு வாசல் கொள்ளாமல் ஜனம் நின்றது. கிட்டுச்சாமி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்ல, ஜனம் கூடவே சொல்லியது; ஐந்தே முக்காலுக்கு முப்பது; ஐந்து ஐம்பதுக்குப் பத்து; தர்ஷிகா தன் விளையாட்டுக் குடத்தோடு ஓடி ஓடி வந்தாள். பிறகு ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. "ஒண்ணு!" என்று எல்லோரும் கத்தினார்கள். கடைசிக் குடத்தைச் சரசாள் குழாய்க்கு அடியில் வைத்துத் திருகப் போனாள். அப்போது கிட்டுச்சாமியின் கையில் இருந்த போன் அலறியது. தோட்டம் திரையிலிருந்து மறைந்து, அந்த இடத்தில் ஒரு பெயர் வந்து நின்றது. கிட்டுச்சாமி அதைப் படித்துவிட்டுப் போனை ஒச்சம்மாளிடம் நீட்டினார்.

தவசி.

அவள் அவசரமாக எடுத்ததில் விரல் எங்கேயோ பட்டு ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது. வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஏக்கா, உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றது மூன்று வருஷமாகக் கேட்காத குரல். "ஆறு நாளாச்சு! நாலாவது மாடியில இருக்கேன், கதவுக்கு அடியில தண்ணி வந்துக்கிட்டே இருக்கு! கட்டிலுக்குக் கீழ தண்ணி, பெட்டிக்குள்ள தண்ணி, மஸ்கட்ல எந்த வீட்லயாச்சும் இப்படி உண்டா? இறைக்க இறைக்க வருது! ரூம்ல இருக்குற எட்டுப் பேரும் ட்யூட்டி முடிஞ்சு வந்து வாளி வாளியா இறைச்சுக் கொட்டுறோம்!"

ஓட்டை எங்கே இருந்தது என்று ஒச்சம்மாளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. மேட்டுத் தோட்டம் நிறைந்தால் பள்ளத்துத் தோட்டத்துக்குத்தான் போகும். அவள் இங்கே ஒரு குடம் பிடிக்கிறபோதெல்லாம் அவன் அங்கே ஒரு வாளி இறைத்திருக்கிறான். ஆறு நாளாக அக்காவும் தம்பியும் ஒரே தண்ணீரைச் சேர்ந்து தீர்த்திருக்கிறார்கள்.

"என் தோட்டம் முழுக்க முங்கிப் போச்சு. உன் கேட்டுக்கு மேல தண்ணி நிக்குது, உள்ள வர வழியில்ல. குடிச்சுப் பாத்தேன், திருப்பூர் ப்ளீச்சிங் பவுடர் வாடை! அப்பவே உன் வேலைதான்னு தெரிஞ்சு போச்சு."

"அப்பவே கூப்பிட்டிருக்கலாம்லடா" என்றாள் அவள், எப்படியோ.

"நான் எதுக்குக் கூப்பிடணும்? நீயா கூப்பிடுவன்னு பாத்தேன். இன்னைக்கு ரூம்ல எல்லாரும் சேந்து, ஒண்ணு உங்க அக்காவைக் கூப்பிடு, இல்ல ரூமைக் காலி பண்ணுன்னுட்டாய்ங்க. வாளியைக் கீழ வச்சுட்டுத்தான் பேசுறேன். ஏன், மூணு வருஷத்துல மறுபடியும் ஒரு தடவை போன் போட்டா உன் கை தேஞ்சு போயிருமா? நாலு தடவை எடுக்கலைன்னா அஞ்சாவது தடவை போட மாட்டியா? பிள்ளை எவ்வளவு வளந்திருக்கு? எத்தனாவது படிக்குது?"

மணி ஆறானது. மஸ்கட்டில் வாளி கீழே இருந்தது; இங்கே சரசாள் திருகில் கையை வைத்தபடி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒற்றைக் குடத்தைப் பிடிக்க இரண்டு பக்கமும் யாருக்கும் நினைவில்லை. சரசாள் திடுக்கிட்டுத் திருகியபோது குழாய் ஒரு தடவை இருமிவிட்டு வெறும் காற்றை விட்டது. தோட்டம் போய்விட்டது, மரம் போய்விட்டது, கேட் போய்விட்டது. சரசாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஈர வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அவன் திட்டினான். லீவு கேட்டு நின்றதைச் சொல்லித் திட்டினான், பெட்டிக்குள் சின்னதாகிப்போன பட்டுப்பாவாடையைச் சொல்லித் திட்டினான், மச்சானைத் திட்டினான், ஜெயவீரன் கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டான். நடுவில் ஒரு இடத்தில் திட்டிக்கொண்டிருந்தவன் மூக்கை உறிஞ்ச, வாசலிலும் அதே சத்தம் பல பக்கமிருந்து கேட்டது. ஒச்சம்மாள் கண்ணீரைத் துடைக்கவே இல்லை, சிரித்துக்கொண்டே அழுதாள், ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.

ஏழரை மணிக்கு மஸ்கட்டில் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"இன்னும் முடியல" என்றான் தவசி. "மிச்சத்தை நாளைக்குத் திட்டுறேன்."

"எத்தனை மணிக்குடா?" என்றாள் அக்கா.